எம்.எஸ். நோய்க்கு ரிட்டுக்ஸிமாப்: யாருக்கு, எப்போது, என்ன எச்சரிக்கையோடு?

சித்திரை மாதத்து முற்பகலில் திருச்சிக்கு அருகே திருவெள்ளறைப் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்கள், குன்றின் மேல் 18 படிகளை வெறுங்காலோடு ஏற வேண்டும். கல் எல்லாரையும்தான் சுடும். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்கிற எம்.எஸ். நோய் உள்ளவருக்கு அதோடு போகாது. உடம்பில் சூடு ஏற ஏறப் பார்வை மங்கும், முழங்காலுக்குக் கீழே துவளும். பாதம் மரத்துப்போனவராக இருந்தால் சுடுவதே தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளத்தைப் பார்ப்பார். நிழலில் உட்கார்ந்து உடம்பு ஆறியதும் பார்வையும் நடையும் பழையபடி ஆகிவிடும். ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊத்தோஃப் 1890இலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

திருச்சி வட்டாரத்தில் இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. கோடையில் வரும் இந்தத் தளர்ச்சியைப் பார்த்து, "மருந்து கேட்கவில்லை" என்று முடிவுகட்டிச் சிகிச்சையை நிறுத்துகிற ஆபத்து இருக்கிறது. நோயின் உண்மையான தாக்குதல் என்பது காய்ச்சலோ கிருமித்தொற்றோ இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிற புதிய குறைபாடு. வெயிலால் வருவது அதில் சேராது.

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றிலுள்ள நரம்பிழைகளை மையலின் என்கிற கொழுப்புறை மூடியிருக்கிறது. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்களே அந்த உறையை அரித்துவிடுவதுதான் எம்.எஸ். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது.

தாக்குதல் வரும்போது ஒரு கண்ணில் வலியோடு பார்வை குறையும், அல்லது இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். மருத்துவமனையில் மீதைல்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு ஒரு கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். நோயாளி எழுந்து நடப்பார். "குணமாகிவிட்டது" என்று குடும்பம் நிம்மதியடையும். இந்த நோயில் மிகப்பெரிய இழப்பு இந்த நிம்மதியால்தான் வருகிறது என்பேன். ஸ்டீராய்டு அந்த ஒரு தாக்குதலைச் சீக்கிரம் அடக்கும், அவ்வளவுதான். அடுத்த தாக்குதலைத் தடுக்காது. தடுப்பதற்கென்று வேறு மருந்துகள் இருக்கின்றன. அவற்றைத் தொடங்காமல் போகிற ஒவ்வோர் ஆண்டும் மூளையிலும் தண்டுவடத்திலும் திரும்பச் சரிசெய்ய முடியாத சேதம் சேரலாம்.

அந்தத் தடுப்பு மருந்துகளில் முதலாவதான இன்டர்ஃபெரான் பீட்டா 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிறகு கிளாட்டிராமர் ஊசி, மாத்திரைகள், 2017இல் ஒக்ரெலிசுமாப் என்று வரிசை நீண்டது. பிந்தி வந்தவை வலிமை கூடியவை, விலையும் அப்படியே. சில மருந்துகளுக்கு ஆண்டுச் செலவே லட்சங்களில். விவசாயக் கூலியில் ஓடுகிற வீட்டில் இந்தப் பேச்சு முதல் ஆலோசனையோடு முடிந்துவிடும்.

ரிட்டுக்ஸிமாப் இங்கேதான் வருகிறது. 1997இல் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட மருந்து இது. பி செல் எனப்படும் வெள்ளணுக்களின் மேலிருக்கும் சி.டி.20 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு அந்த அணுக்களை அழிக்கும். எம்.எஸ். நோயைப் பெரும்பாலும் டி செல்களின் வேலை என்றே நினைத்திருந்த காலத்தில், கலிபோர்னியாவின் ஸ்டீபன் ஹாசர் குழு 104 நோயாளிகளுக்கு இதைச் சோதித்துப் பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியும் புதிய அழற்சிப் புள்ளிகள் 91 சதவீதம் குறைந்திருந்தன. ஆனாலும் விட்டுவிட்டுத் தாக்கும் இந்த வகை எம்.எஸ்.ஸுக்கு அது உரிமம் தரும் கடைசிக் கட்டச் சோதனைக்குப் போகவில்லை. அதே வழியில் செயல்படும் ஒக்ரெலிசுமாப்தான் அந்தப் பாதையில் போய் உரிமம் பெற்றது.

இந்தியாவுக்கு அதற்குள் வேறொரு வழி திறந்திருந்தது. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007இலேயே ரெடிடக்ஸ் என்ற பெயரில் ரிட்டுக்ஸிமாபின் உயிரிநிகர் மருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பின் வேறு நிறுவனங்களும் தயாரிக்க, விலை இறங்கியது. நரம்பியல் மருத்துவர்கள் இதை எம்.எஸ்.ஸுக்கு எழுதத் தொடங்கினார்கள். மருந்துப் பெட்டியில் இந்த நோயின் பெயர் இருக்காது என்பதால், மலிவு என்பதற்காக நம் தலையில் ஏதோ மட்டமானதைக் கட்டுகிறார்களோ என்று சிலருக்குத் தோன்றும். அந்தச் சந்தேகத்துக்கு நேரடியான பதில் ஸ்வீடனில் இருக்கிறது. வசதியுள்ள அந்த நாட்டிலும் எம்.எஸ்.ஸுக்கு அதிகமாகத் தரப்படும் மருந்துகளில் இது ஒன்று. அங்கே 200 பேரிடம் நடந்து 2022இல் வெளியான சோதனையில், இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பத் தாக்கியது ரிட்டுக்ஸிமாப் பெற்றவர்களில் 3 சதவீதம் பேரை. டைமெத்தில் ஃபூமரேட் மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதம் பேரை. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் முதன்முறையாக எம்.எஸ். மருந்துகளைச் சேர்த்தது. கிளாட்ரிபின், கிளாட்டிராமர், ரிட்டுக்ஸிமாப் ஆகிய மூன்றும் அதில் இடம்பெற்றன.

ஒக்ரெலிசுமாபுக்கு இது சமமா? 2023இல் வந்த ஓர் ஆய்வு, நோயாளிப் பதிவேடுகளை ஒப்பிட்டு, ரிட்டுக்ஸிமாப் பெற்றவர்களுக்குத் தாக்குதல் அதிகம் வந்ததாகச் சொன்னது. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை அல்ல அது. மருந்தின் அளவும் இடைவெளியும் இடத்துக்கு இடம் வேறுபட்டிருந்தன. கையில் காசும் காப்பீடும் தாராளமாக இருப்பவர் ஒக்ரெலிசுமாபைத் தேர்ந்தெடுத்தால் அதில் குற்றமில்லை. ஆனால் அது கைக்கு எட்டாதவர் எதையும் எடுக்காமல் காத்திருப்பதைவிட ரிட்டுக்ஸிமாபைத் தாமதமின்றித் தொடங்குவது எவ்வளவோ மேல்.

யாருக்கு உதவாது என்பதும் தெரிய வேண்டும். விட்டுவிட்டுத் தாக்காமல், தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல முற்றுகிற வகையில் 439 பேரிடம் நடந்த சோதனை 2009இல் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. வயது குறைந்தவர்களிலும், ஸ்கேனில் அழற்சி தெரிந்தவர்களிலும் மட்டும் பலனுக்கான அறிகுறி இருந்தது. நடை பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிற 60 வயதுக்காரருக்கு இந்த மருந்தைக் காட்டி நம்பிக்கையூட்டுவது நியாயமில்லை.

இன்னொன்று நோயின் பெயரையே பற்றியது. நம் நாட்டில் எம்.எஸ். போலவே தோன்றும் நியூரோமைலைடிஸ் ஆப்டிகா என்ற நோயை மறக்கக் கூடாது. பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் கடுமையாகத் தாக்கும். அதைப் பிரித்துக் காட்டும் எதிர்ப்பொருள் 2004இல்தான் கண்டறியப்பட்டது. அக்வாபோரின்-4 ரத்தப் பரிசோதனை என்று கேட்டு வாங்கலாம். எம்.எஸ்.ஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான் அந்த நோயை மோசமாக்கக்கூடும். ரிட்டுக்ஸிமாபோ இரண்டுக்கும் பயன்படுகிறது. பி12 குறைபாடு, காசநோய் போன்றவையும் இதே வேடத்தில் வரும். எனவே மருந்தின் விலையைக் கேட்பதற்கு முன்னால் நோய் உறுதியானதா என்று கேளுங்கள்.

மருந்து ஏற்றும் நாள் எப்படி இருக்கும்? பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, 500 அல்லது 1000 மில்லிகிராம். காலையில் பாராசிட்டமால், அலர்ஜி ஊசி, ஸ்டீராய்டு கொடுத்த பிறகு டிரிப்ஸ் மிக மெதுவாகத் தொடங்கும். முதல் முறைதான் தொல்லை: தொண்டை அரிக்கும், குளிர் நடுக்கும், உடம்பில் தடிப்பு எழும். நர்ஸிடம் உடனே சொன்னால் நிறுத்தி வைத்து, வேகத்தைக் குறைத்துத் திரும்ப ஓட்டுவார். பொறுத்துக்கொண்டு சும்மா படுத்திருக்க வேண்டாம். மாலை வரை ஆகும் என்று வைத்துக்கொண்டு, துறையூர் பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டியவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்து வருவது நல்லது.

அந்த நாளுக்கு முன்பே முடிய வேண்டியவை சில. முதலாவது ஹெபடைடிஸ் பி. உடலில் அடங்கிக் கிடக்கும் அந்த வைரஸ் இந்த மருந்தால் கிளர்ந்தெழுந்து கல்லீரலைச் செயலிழக்கச் செய்யலாம், உயிரே போகலாம். மேற்புரதப் பரிசோதனை, உட்கருவுக்கான எதிர்ப்பொருள் பரிசோதனை இரண்டையும் பார்க்காமல் ஒரு சொட்டுகூட ஏற்றக் கூடாது. காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தடுப்பூசிகளை முன்னதாகவே போட்டுவிட வேண்டும், ஏனென்றால் பி செல் இல்லாத உடம்பில் தடுப்பூசி சரியாக எடுபடாது. கோவிட் காலத்தில் இந்த வகை மருந்து எடுத்தவர்களுக்கு நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடியிருந்தது. ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் குறைந்து அடிக்கடி நெஞ்சுச்சளியும் சிறுநீர்த் தொற்றும் வரலாம். அந்த அளவையும் அவ்வப்போது பார்த்து, இடைவெளியை நீட்டலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். மிக அரிதாக, பி.எம்.எல். என்ற மூளைத் தொற்று வந்ததும் உண்டு. குழந்தைக்குத் திட்டமிடும் பெண் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்தின் தேதியை அதற்கேற்ப வகுக்க முடியும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் எம்.எஸ்.ஸும் ஒன்று. வெளியே ஆரோக்கியமாகத் தெரிவதால் பலர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவே தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். காப்பீடு உள்ளவர்கள், பெட்டியில் பெயரில்லாத நோய்க்கு இந்த மருந்து ஏன் தரப்படுகிறது என்று மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் முன்கூட்டியே வாங்கி வைக்கட்டும். நிறுவனம் கேள்வி எழுப்பினால் அந்தக் கடிதம்தான் பேசும்.

ரிட்டுக்ஸிமாப் இப்போது பல பெயர்களில் வருகிறது. ஒவ்வொரு முறையும் குப்பியின் மேலுள்ள பெயர், தொகுதி எண், ஏற்றிய தேதி மூன்றையும் உங்கள் ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தாலும், ஏதாவது ஒவ்வாமை வந்தாலும், மருத்துவர் முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான்.