நாலு பொட்டலம் டீத்தூள்

2017 அக்டோபரில் ஒரு நாள். காஞ்சிபுரம் குமரகோட்டம் முருகன் கோயில் வாசலில் ஒரு வெள்ளைக்கார இளைஞர் தரையில் உட்கார்ந்து தொப்பியை நீட்டிக்கொண்டிருந்தார். ரஷ்யாவிலிருந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர். ஏ.டி.எம். கார்டு முடங்கிவிட்டது, கையில் காசில்லை. கோயில் வாசலில் உட்கார்ந்தால் நம்மூரில் பட்டினி கிடக்க வேண்டாம் என்று அவருக்கு யார் சொன்னார்களோ!

கோயிலுக்கு வந்தவர்கள் தொப்பியில் காசு போட்டார்கள். போலீசார் வந்து விசாரித்தார்கள். பாஸ்போர்ட்டும் விசாவும் சரியாக இருந்ததால், கைச்செலவுக்கும் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த சுஷ்மா ஸ்வராஜ், ரஷ்யா நமக்கு நெடுநாள் நண்பன், சென்னையில் உள்ள எங்கள் அதிகாரிகள் உங்களுக்கு உதவுவார்கள் என்று ட்விட்டரில் அவர் பெயர் சொல்லியே எழுதினார். ரஷ்யத் துணைத் தூதரகம் இருப்பது மயிலாப்பூரில், சாந்தோம் நெடுஞ்சாலையில். காஞ்சிபுரத்திலிருந்து எழுபது சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் பையில் பஸ் காசு இல்லாதவனுக்கு அது மாஸ்கோவைப் போலவே தூரம்.

இந்தக் காட்சியை அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்கள். அடையாறிலிருந்தோ தி.நகரிலிருந்தோ ஒரு பையன் முதுகுப் பையை மாட்டிக்கொண்டு வியட்நாமுக்கோ ஜார்ஜியாவுக்கோ கிளம்புகிறான். மீனம்பாக்கத்தில் வழியனுப்ப வந்த அம்மா என்ன சொல்வார்? “யாரையும் நம்பாதேடா. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிடாதே.” பையன் தலையாட்டிவிட்டுப் போவான். பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்து அவன் சொல்கிற கதைகளில் பாதி, யாரோ எதையோ கொடுத்த கதையாகத்தான் இருக்கும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டபோது மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டவர், பாஷை புரியாமலே சூப் ஊற்றிக் கொடுத்த பாட்டி என்று ஊருக்கு ஒருவர் வருவார்.

அம்மா சொன்னதில் தப்பில்லை. பையன் சொல்வதும் பொய்யில்லை. முன்பின் தெரியாதவர்கள் உதவுவது நாம் நினைக்கிற அளவுக்கு அபூர்வமான விஷயம் அல்ல. அவர்களிடம் வாய்விட்டுக் கேட்பதுதான் அபூர்வம். சொந்த ஊரில் நமக்குக் கேட்க வேண்டிய அவசியமே வருவதில்லை. பயணத்தில் அந்த அவசியம் கழுத்தைப் பிடிக்கிறது.

‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று பெயர் வாங்கிய ஏ.கே. செட்டியார் இதை நன்றாக அறிந்தவர். கோட்டையூரில் பிறந்து டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்தவர். 1937 அக்டோபர் 2, காந்தி ஜயந்தியன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது காந்தியைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு வந்தது. வயது 25. பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. நாடு நாடாகப் போய், காந்தியைப் படம் பிடித்தவர்கள் யார், அந்தச் சுருள் எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டே சேகரித்தார். அப்படிச் சேர்ந்தது, முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 100 ஒளிப்பதிவாளர்கள் எடுத்த 50,000 அடிப் படம். 1940 ஆகஸ்டு 23 அன்று சென்னை ராக்ஸி தியேட்டரில் அந்த ஆவணப்படம் திரைக்கு வந்தது. அதற்காக அவர் சுற்றிய தூரம் ஒரு லட்சம் மைல் என்பார்கள்.

செட்டியாராவது கொஞ்சம் பணத்தோடு போனார். கையில் ஒரு காசுகூட இல்லாமல் உலகத்தைக் கடந்தவர்களும் உண்டு.

அந்தக் கதை பெங்களூரில் ஒரு காபிக் கடையில் ஆரம்பமாகிறது. 1961இல் அணு ஆயுத எதிர்ப்புப் போராட்டத்துக்காகத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 89 வயதில் சிறைக்குப் போன செய்தியை சதீஷ் குமார், ஈ.பி. மேனன் என்ற இரண்டு இளைஞர்கள் அங்கே உட்கார்ந்து படித்தார்கள். கிழவர் ஜெயிலுக்குப் போகிறார், நாம் காபி குடித்துக்கொண்டிருக்கிறோமே என்று உறுத்தியது. அணு ஆயுதம் வைத்திருந்த நான்கு நாடுகளின் தலைநகரங்களுக்கு, மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டனுக்கு, நடந்தே போவது என்று முடிவு செய்தார்கள்.

ஆசி வாங்கக் காந்தியவாதி வினோபா பாவேயிடம் போனபோது அவர் போட்ட நிபந்தனை, கையில் பணம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது. அவர் சொன்ன காரணம் எளிமையானது. பணம் இருந்தால் சாயங்காலம் ஓட்டலில் அறை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவீர்கள், யாரையும் பார்க்க மாட்டீர்கள். பணம் இல்லாவிட்டால் யார் வீட்டுக் கதவையாவது தட்டித்தானே ஆகவேண்டும்?

1962 ஜூன் 1 அன்று டெல்லி ராஜ்காட்டிலிருந்து நடக்க ஆரம்பித்தார்கள். பாகிஸ்தான் எல்லை வரை வந்த நண்பர் ஒருவர், எதிரி நாட்டுக்குப் போகிறீர்களே என்று சாப்பாட்டுப் பொட்டலங்களை நீட்டினார். இதை வாங்கிக்கொண்டு போனால் நாங்கள் சுமப்பது சோற்றை அல்ல, அவநம்பிக்கையை என்று சதீஷ் குமார் மறுத்துவிட்டார். எல்லையைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே, அமைதிக்காக நடக்கும் இந்தியர்கள் நீங்கள்தானா என்று கேட்டபடி ஒரு பாகிஸ்தானியர் வந்து லாகூருக்கு விருந்தாளியாக அழைத்தார்.

ஆப்கானிஸ்தான், ஈரான் என்று நடந்து, அப்போது சோவியத் யூனியனில் இருந்த ஜார்ஜியாவுக்கு வந்தார்கள். கருங்கடல் ஓரத்தில் ஒரு டீத் தொழிற்சாலை. அங்கே வேலை செய்த பெண்கள் இருவரையும் கூப்பிட்டு டீ கொடுத்தார்கள், சாப்பாடு போட்டார்கள். அவர்களில் ஒருவர் உள்ளே போய் நாலு பொட்டலம் டீத்தூளோடு வந்தார். இது உங்களுக்கு இல்லை, நாலு நாட்டுத் தலைவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று. அணுகுண்டுப் பொத்தானை அழுத்தத் தோன்றினால் ஒரு நிமிஷம் நின்று இந்த டீயைக் குடித்துவிட்டு யோசிக்கச் சொல்லுங்கள் என்றார். இருவரும் அந்தப் பொட்டலங்களை நாலு தலைநகரங்களுக்கும் சுமந்து போனார்கள். பாரிஸில் சிறைவாசமும் அனுபவித்தார்கள். லண்டனிலிருந்து அமெரிக்காவுக்குக் கடல் குறுக்கிட்டது. கப்பல் டிக்கெட் கிடைக்க உதவியவர் அந்த ரஸ்ஸலேதான். 1964 ஜனவரியில் வாஷிங்டனில் நடை முடிந்தபோது ஏறக்குறைய 8,000 மைல் ஆகியிருந்தது.

வழியெல்லாம் பூமாலை என்று நினைத்துவிடக் கூடாது. இன்னொரு ஜார்ஜியாவும் இருக்கிறது, அமெரிக்காவின் தெற்கு மாநிலம். நிறவெறி தலைவிரித்தாடிய காலம். அங்கே ஒரு ஓட்டலில் டீ குடிக்க உட்கார்ந்த சதீஷ் குமாரை நோக்கி, எழுந்து போ என்று முதலாளி துப்பாக்கியை நீட்டினார். ஒரே பெயர் கொண்ட இரண்டு ஊர்களில் ஒன்று டீ கொடுத்தது, மற்றது துப்பாக்கியைக் காட்டியது.

அப்படியானால் யார் உதவுவார்கள், யார் மாட்டார்கள்? உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1973இல் வெளிவந்த பிரின்ஸ்டன் ஆய்வு ஒன்று பாதிரியார் படிப்பு மாணவர்களை வைத்து நடத்தப்பட்டது. பிரசங்கம் செய்யப் போகும் வழியில் ஒருவர் சுருண்டு கிடக்கிறார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் நின்றவர்கள் 10 சதவீதம்தான். மனசின் நல்லது கெட்டதைவிடக் கடிகாரத்துக்கே அங்கே செல்வாக்கு அதிகமாக இருந்தது. தீபாவளிக்கு முதல் வாரம் ரங்கநாதன் தெருவில் வழி கேட்டால் கிடைக்கும் பதிலும், மத்தியானம் மூன்று மணிக்கு மயிலாப்பூர் மாட வீதியில் கேட்டால் கிடைக்கும் பதிலும் ஏன் வேறாக இருக்கின்றன என்பது இப்போது புரியும்.

2019இல் வெளியான இன்னொரு ஆய்வு 40 நாடுகளில் நடந்தது, இந்தியாவும் அதில் உண்டு. வங்கி, ஓட்டல், தபால் ஆபீஸ் வரவேற்பாளர்களிடம் 17,000க்கும் மேற்பட்ட பர்ஸுகளை, தெருவில் கிடந்தது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, உரியவருக்குத் தகவல் வருகிறதா என்று பார்த்தார்கள். காசில்லாத பர்ஸுகளில் 40 சதவீதத்துக்குத் தகவல் வந்தது. காசுள்ள பர்ஸுகளுக்கு 51 சதவீதம். காசைப் பார்த்தால் அமுக்கிவிடுவார்கள் என்ற நம் கணக்கு தலைகீழாகிவிட்டது.

உதவி கேட்பதில் உள்ள கூச்சத்தையும் அளந்திருக்கிறார்கள். 2008இல் வந்த அமெரிக்க ஆய்வில், தெருவில் போகும் மூன்று பேரிடம் செல்போன் இரவல் வாங்க வேண்டும் என்றார்கள். பத்துப் பேரிடமாவது கேட்க வேண்டியிருக்கும் என்று மாணவர்கள் பயந்தார்கள். ஆறு பேரிடம் கேட்டதிலேயே வேலை முடிந்தது. உலக நாடுகளில் யார் அதிகம் உதவுகிறார்கள் என்று ஆண்டுதோறும் கணக்கெடுக்கும் பிரிட்டன் அமைப்பு ஒன்று, முன்பின் தெரியாதவருக்கு உதவுவதில் 2016இல் முதலிடம் கொடுத்தது ஈராக்குக்கு. 2018இல் லிபியாவுக்கு. போரில் நொந்த நாடுகள் இரண்டும். எல்லாம் இழந்தவனுக்குத்தான் அடுத்தவன் இழப்பு சட்டென்று புரிகிறது போலும்.

கனடாவின் கிழக்கு ஓரத்தில் கேண்டர் என்று ஒரு சிற்றூர், மக்கள்தொகை பத்தாயிரம் அளவில். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டதும் 38 பயணிகள் விமானங்கள் அங்கே இறக்கப்பட்டன. திடீரென்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விருந்தாளிகள்! வேலைநிறுத்தத்தில் இருந்த பள்ளி பஸ் டிரைவர்கள் பதாகைகளைக் கீழே போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்கள். வந்து குவிந்த சாப்பாடு கெடாமலிருக்க, பனிச்சறுக்கு அரங்கமே ஃபிரிட்ஜ் ஆனது. காசு வாங்க ஊர்க்காரர்கள் மறுத்ததால், ஒரு விமானத்தின் பயணிகள் அந்தப் பகுதிப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார்கள்.

சென்னைக்காரர்களுக்கு இது தூர தேசத்துக் கதை அல்ல. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு, விமான நிலைய ஓடுபாதையே தண்ணீரில் மூழ்கியது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளில் தண்ணீர் புகுந்தபோது கடற்கரை மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றி வந்து தெருக்களில் விட்டார்கள். யார் வேண்டுமானாலும் வந்து தங்கலாம் என்று வீட்டு முகவரியையும் போன் நம்பரையும் ஊரறிய வெளியிட்டவர்கள் எத்தனையோ பேர். கேட்கக் கூச்சப்படும் நகரம் அந்த வாரம் கூச்சத்தை விட்டது.

பழந்தமிழில் ‘விருந்து’ என்றால் சாப்பாடு அல்ல, புதுமை. அந்த வழியில் புதிதாக வந்தவர். சொந்தக்காரர் வந்தால் அது உறவு, அறியாதவர் வந்தால்தான் விருந்து. திருக்குறளின் ஒன்பதாவது அதிகாரம் அந்தப் புதியவருக்காகவே எழுதப்பட்டது. வழிப்போக்கர் உட்கார்ந்து இளைப்பாறத்தான் அந்தக் காலத்து மயிலாப்பூர் வீடுகளுக்குத் திண்ணை இருந்தது. இப்போது திண்ணை இருந்த இடத்தில் கார் நிற்கிறது.

ஆனாலும் ஒரு நாள் மட்டும் மயிலாப்பூர் பழைய மயிலாப்பூராகிவிடும். கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவர். மாட வீதிகளில் அன்று அடுப்பும் அண்டாவும்தான். ஒரு பக்கம் நீர்மோர், ஒரு பக்கம் பானகம், தொன்னையில் புளியோதரை, சுண்டல். கொடுப்பவருக்கு வாங்குபவர் யாரென்று தெரியாது. கூட்டத்தில் கேமராவோடு வரும் வெளிநாட்டுக்காரர் எவ்வளவு என்று பர்ஸை எடுப்பார். “காசு வேண்டாம், குடிங்க” என்று கையில் டம்ளர் திணிக்கப்படும்.

வெளிநாடு போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பாஸ்போர்ட் பிரதி ஒன்றைப் பையிலும் இன்னொன்றை மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் இந்தியத் தூதரகம் ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தரும்; குறைகளைப் பதிவு செய்ய வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளம் இருக்கிறது. பல பேர் பார்க்கச் சாப்பாடு கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பார்சலை அந்த ஊரில் கொடுத்துவிடுங்கள் என்று யாராவது கேட்டால் மட்டும், எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், கையால் தொடாதீர்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வருகிற பங்குனியில் மாட வீதிப் பக்கம் முதுகுப் பையோடு யாராவது திகைத்து நின்றால், மோரை நீட்டும்போதே என்ன ஆயிற்று என்றும் கேட்டுவிடுங்கள். கார்டு முடங்கிய ரஷ்யராக இருந்தால் கவலை இல்லை. சாந்தோம் அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான்.