பெரியவன் வரட்டும்

"பெரியவன் வந்துடட்டும் சார், அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறோம்."

மாவட்டத் தலைநகர் ஒன்றில், மருத்துவமனையின் இதயப் பிரிவு வாசலில் இரண்டு இரவுகள் உட்கார்ந்திருந்தேன். மூன்று குடும்பங்கள் இதையே சொன்னார்கள். ஒரு வீட்டின் மூத்த மகன் கோவையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். இன்னொருவர் துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் ஈசிஜி படம் கேட்டார்.

மாரடைப்பை வாய்வு என்று நினைத்து வீட்டில் சோடா குடித்துப் போக்கிய நேரம் தனிக்கதை. அதை எல்லோரும் எழுதியாகிவிட்டது. வாசலுக்குள் வந்த பிறகு வீணாகும் நேரம்தான் என்னை உறுத்துகிறது. பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி என்றால் அரை மணிக்குள், பலூன் விட்டு அடைப்பைத் திறப்பதென்றால் 90 நிமிடத்துக்குள் என்று கெடு வைத்திருக்கிறார்கள். 1988-ல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 நோயாளிகள். ஆஸ்பிரினும் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக்குழாய்க் கோளாறுகளால் இறந்தவர்கள் 8 சதவீதம். இரண்டுமே கிடைக்காதவர்களில் 13.2. ஊசி எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு இதயத் தசை மிஞ்சும்.

தமிழ்நாட்டில் 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டார்வாஸ்டேட்டின் 8 என 14 மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். கிராமத்தில் அப்படிச் சேமித்த நேரத்தை நகரத்தில் ஒரு சம்மதக் கையெழுத்துக்காகத் தொலைக்கிறோம்.

வந்ததும் முதல் கேள்வி, "பேஷன்ட் அட்டெண்டர் யாரு?" ஊசியால் சிலருக்கு மூளையில் ரத்தக்கசிவு வரலாம் என்று டாக்டர் சொன்னதும் மருமகன் போனை எடுக்கிறார். பலூன் விட்டபின் வைக்கும் ஸ்டென்ட் என்றால் சந்தேகம் இன்னும் கூடுகிறது. 2017-ல் அரசு அதற்கு விலை உச்சவரம்பு வைத்தும் "பில்லை ஏத்துறாங்க" என்ற பேச்சு ஓயவில்லை. இத்தனைக்கும், வலியோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பவர் தெளிவாகப் பேசுகிறார். உயிர் அவருடையது, சம்மதம் சொல்லும் உரிமையும் அவருடையதுதான். அவரை யாரும் கேட்பதில்லை. பெண் என்றால் இன்னும் மோசம். அம்மாவுக்கு அப்பா கையெழுத்துப் போடவேண்டும், அப்பா இல்லாவிட்டால் மகன். ஐம்பது வருடம் குடும்பத்தை நடத்தியவளுக்குத் தன் நெஞ்சைப் பற்றிப் பேச வாயில்லை.

குடும்பத்தைக் கேட்காமல் செய்து ஏதாவது ஆகிவிட்டால் அடி விழுவது தங்களுக்குத்தான் என்கிறார்கள் டாக்டர்கள். அதுவும் உண்மை.

இரண்டாம் நாள் இரவு இரண்டு மணி இருக்கும். நைட் டூட்டி நர்ஸ் ஒருவர் வராந்தாக் கூட்டத்தைத் தாண்டி நேராகக் கட்டிலுக்குப் போனார். எல்லாவற்றையும் நிதானமாக விளக்கிவிட்டுப் படிவத்தை நீட்டினார்.

"ஐயா, நீங்களே போடுறீங்களா?"

அறுபதைத் தாண்டிய மனிதர் பேனாவை வாங்கிக்கொண்டு வாசலைப் பார்த்தார். "போடலாமாம்மா? பையன் கோச்சுக்குவானே?"

போட்டார்.

பெரியவன் வந்து சேர்ந்தபோது விடிந்திருந்தது. வந்ததும் கோபித்துக்கொண்டான்தான். அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.