நாலு கோழி டிரம்மும் நாற்பது சொந்தக்காரர்களும்

போன ஆடிப் பண்டிகைக்கு சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டில் நாற்பது இலை விழுந்தது. சமைக்க என்னிடம் இருந்ததோ பொடக்காலியில் ஒரே ஒரு டிரம். (கொல்லைப்புறத்துக்கு எங்கள் பக்கத்துப் பேர் பொடக்காலி.) 200 லிட்டர் இரும்பு டிரம்மில் அடியில் காற்றுத் துளை போட்டு, உள்ளே கரிக்கூடை இறக்கி, மேலே கம்பித்தட்டு மாட்டிய ஸ்மோக்கர் அது. தட்டின் விட்டம் 57 செ.மீ. பிளந்து விரித்த கோழி நாலு படுக்கும், ஐந்தாவதுக்கு இடமில்லை. விடிகாலை மூன்று மணிக்குப் பற்றவைத்து ஈடு ஈடாக எடுத்தேன். கடைசி ஈட்டில் அவசரம். கரி கனிவதற்குள் ஈர விறகைத் திணித்துவிட்டேன். வெள்ளைப் புகை சுருண்டு எழுந்து மாடி வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டியெல்லாம் வாசம் பிடித்தது. ஒரு துண்டை வாயில் போட்ட மாமா மென்றுகொண்டே கேட்டார்: "ஏன் மாப்ளே, இது கறியா, கரியா?"

பெரிய ஸ்மோக்கர் வாங்கியே தீருவது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

பெரிசு என்றால் எல்லோர் கண்ணும் முதலில் போவது டெக்சாஸ் பாணி ஆஃப்செட்டின் மேல்தான். படுக்கை வாட்டில் நீள உருளை, ஒரு பக்கம் தனியாக விறகுப் பெட்டி, மறுபக்கம் புகைக்குழாய். எண்ணெய்க் கிணற்று வேலையில் மிஞ்சிய தடித்த குழாய்களை வெட்டி ஒட்டி அங்கே பரவிய உருவம் இது. இந்தக் கலையில் பழைய இரும்புக்கு எப்போதுமே மரியாதை உண்டு. உலகம் முழுக்க விற்கும் உருண்டை கெட்டில் அடுப்பையே, 1952இல் சிகாகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் கடல் மிதவைக் குமிழை இரண்டாக அறுத்துத்தான் முதலில் செய்தார்.

வெல்டிங் பட்டறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 60 செ.மீ. விட்டம், 120 செ.மீ. நீளம் என்று வைத்தால் உருளையின் கொள்ளளவு சுமார் 340 லிட்டர். விறகுப் பெட்டி அதில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது செய்பவர்கள் சொல்லும் கணக்கு. அதாவது ஒன்றரை அடிக்குச் சற்றுக் கூடுதலான சதுரப் பெட்டி. சின்னதாக வைத்தால் தீ மூச்சுத் திணறும், புகை கசக்கும். தகடு 6 மி.மீ. என்றால் உருளை மட்டுமே 130 கிலோவைத் தாண்டுகிறது. மெல்லிய தகட்டில் செய்தால் கனம் குறையும்தான். ஆனால் ஆடிக் காற்றில் அம்மி பறக்கிற ஊரில் மெல்லிய தகடு சூட்டைப் பிடித்து வைக்காது. ஒரு வீச்சுக்கு இருபது டிகிரி இறங்கும், அடுத்த கட்டையைப் போட்டதும் முப்பது ஏறும். நமக்கு வேண்டியதோ 110 முதல் 130 டிகிரிக்குள் அசையாமல் நிற்கிற சூடு.

"முழுக்க எஸ்எஸ்ல அடிச்சிரலாங்க" என்றார் பட்டறைக்காரர். உருக்காலை உள்ள ஊர், ஸ்டெயின்லெஸ் ஆசை இருக்கத்தான் செய்யும். கம்பித்தட்டுக்கும் கொக்கிக்கும் அது சரி, துருப்பிடிக்காது, தேய்க்கச் சுலபம். உடம்புக்கு வேண்டாம் என்றேன். சாதா இரும்பு கடத்துகிற சூட்டில் மூன்றில் ஒரு பங்கைத்தான் ஸ்டெயின்லெஸ் கடத்தும். தீ பட்ட இடம் கொதிக்க, பக்கத்து இடம் ஆறிக் கிடக்கும். விலையும் தலையைச் சுற்றும். அதைவிட முக்கியம், ஜிஐ தகடு பக்கமே போகக் கூடாது. அதன் துத்தநாகப் பூச்சு தீச்சூட்டில் புகையாகி உணவில் இறங்கும்.

ஏறக்குறைய அட்வான்ஸ் கொடுக்கிற கட்டத்தில்தான் ஒரு கேள்வி உறைத்தது. அந்த உருளை ஏன் அத்தனை நீளம்?

டெக்சாஸ்காரர்கள் வாட்டுவது மாட்டின் நெஞ்சுக்கறி. ஒரே துண்டு ஐந்து, ஏழு கிலோ. படுக்கவைத்துப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விட வேண்டும். அதற்கு நீளம் வேண்டும், அகலம் வேண்டும், ராத்திரி முழுக்க விழித்திருந்து மணிக்கொரு கட்டை போட ஆளும் வேண்டும். நம்மூர்க் கதை வேறு. சேலம் மாவட்டத்தின் சொந்த இனம் மேச்சேரி செம்மறி. கறிக்கும் தோலுக்கும் பேர் போனது. பொட்டனேரியில் 1978 முதல் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த ஆட்டுக்குட்டியின் பின்தொடை ஒன்று இரண்டு கிலோ சொச்சம் வரும். கோழி ஒன்றரை கிலோ. நாமக்கல் பண்ணைகளில் முட்டை ஓய்ந்து விற்கிற கோழி அதையும்விட ஒடிசல். அதன் தசை கட்டி என்பதால் நிதானச் சூடு அதற்குத்தான் அதிகம் வேண்டும். நாற்பது பேர் வந்தாலும் நம் துண்டுகள் சின்னவைதான். கூடுவது எண்ணிக்கை மட்டுமே.

என் பாட்டி உப்புக்கண்டம் போடுவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கறியை வார்வாராக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கோணி ஊசியால் சணல் கயிற்றில் கோத்து வெயிலில் கட்டுவாள். காக்கை விரட்டுவது என் வேலை. மழை பிடித்துக்கொண்டால் அந்த மாலை அப்படியே அடுப்புக்கு மேலே உத்தரத்துக்குப் போகும். விறகுப் புகையில் நாலு நாள் ஊசலாடிக் கறுத்துப்போய் இறங்கும். முழங்கை நீளக் கயிற்றில் இரண்டு கிலோ கறி. தட்டில் பரப்பினால் அதற்கு ஒரு முறம் பிடிக்கும்.

தொங்கவிட்டால் இடம் பெருகும் என்பதற்குப் பட்டறைக் கணக்கு தேவையில்லை, கறிக்கடை வாசலில் நின்றாலே போதும். கம்பித்தட்டை எடுத்துவிட்டு வாய்க்கு நெருக்கமாக இரண்டு கம்பி குறுக்கே போட்டால், அதே டிரம்மில் எட்டு அரைக்கோழியும் இரண்டு தொடையும் தாராளமாகத் தொங்குகின்றன. கொழுப்பு நேராகக் கரியில் சொட்டி எழுகிற புகை தனி ருசி. கோழி 140 டிகிரியில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். தொடைக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். நடுவில் கறியின் உள்சூடு 70 டிகிரிக்குப் பக்கத்தில் வந்ததும் ஏற மாட்டேன் என்று அடம் பிடிக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் பயந்துபோய்த் தீயைக் கூட்டுவது இங்கேதான். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே சமாச்சாரம் இது. கறி வேர்க்கிறது, வேர்வை ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வாட்டிய வாழை இலையில் இறுக்கிச் சுற்றிவிட்டால் வேர்வை நிற்கும், சூடு ஏறும். 90ஐத் தாண்டினால் எலும்பு கையோடு வரும். வெட்டும்போது ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம் தெரிந்தால், அத்தை சொல்கிற மாதிரி அது "வேகாத கறி" இல்லை. புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு தசையின் நிறமியோடு சேர்ந்து பிடிக்கிற சாயம்.

விறகில்தான் நாம் பணக்காரர்கள். அமெரிக்காவில் மெஸ்கீட் என்று கொண்டாடுகிற மரத்தின் நெருங்கிய பங்காளிதான் நாம் வெட்டி மாளாத சீமைக் கருவேலம். அதன் கரி சூட்டுக்கு, மேலே வாசத்துக்கு மா, கொய்யா. சேலத்து மாந்தோப்புகளில் கவாத்து முடிந்தால் கிளைகள் குவிந்து கிடக்கும். அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காட்டுக் காபித் தோட்டங்கள். அங்கே கழித்துப்போடும் காபிக் கட்டை நின்று எரிகிறது. எதுவானாலும் நிழலில் ஆறு மாதம் காய்ந்திருக்க வேண்டும். வேம்பு கசக்கும். அரளி விஷம், தொடவே கூடாது. பிளைவுட் துண்டைப் போட்டால் பசைதான் வேகும்.

ஆகவே 130 கிலோ உருளை வேண்டாம், இரண்டாவது டிரம் போதும் என்று வந்து நின்றேன். இரண்டு இருந்தால் ஒன்று கோழிச் சூட்டிலும் மற்றது தொடைச் சூட்டிலும் நிற்கும். சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றைக் கவிழ்த்து மூடிவிடலாம். பெரிய உருளையில் நாலு கோழிக்கும் நாற்பது கோழிக்கான விறகு எரியும். ஓட்டல் நடத்துகிறவர், மாட்டுக்கறியை முழுத்துண்டாக வாட்டுகிறவர் என்றால் தாராளமாக ஆஃப்செட் வாங்கட்டும். எனக்கு வருஷத்தில் ஒரு நாள் கூட்டம், மீதி ஐம்பத்தொரு வாரம் நாலு பேர்.

டிரம் வாங்குவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரசாயனம் வந்த டிரம்மை எத்தனை கழுவினாலும் நம்ப முடியாது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலைகளில் கூழைப் பையில் அடைத்து இரும்பு டிரம்முக்குள் வைத்து அனுப்புகிறார்கள். அப்படி வந்து காலியான, மூடி முழுசாகக் கழன்று வருகிற டிரம் கிடைத்தால் விடக்கூடாது. அதையும் முதலில் வெறும் விறகு போட்டு, உட்பூச்சு உரிந்து இரும்பு தெரிகிற வரை எரித்து, தேய்த்து, எண்ணெய் தடவி இன்னொரு தரம் சூடேற்ற வேண்டும். அதைச் செய்கிற அன்று கறி பக்கத்திலேயே வரக்கூடாது.

போன வாரம் புது டிரம்மைப் பட்டறையில் இறக்கினேன். ஆஃப்செட் வேலை கைநழுவிய வருத்தம் பட்டறைக்காரர் முகத்தில் தெரிந்தது. எஸ்எஸ் கம்பியை வளைத்துக் காட்டி, "கொக்கி எத்தனைங்க போடட்டும்?" என்றார்.

"இருபது" என்றேன். மாமா வீட்டுக்காக இன்னும் நாலு சேர்க்கச் சொன்னேன்.