உறுமி முதல் ஜூரோங் வரை

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையில் உறுமி முழங்குகிறது. 350 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அதே அடி ஏறக்குறைய ஒரு விநாடி கழித்தே கேட்கும். நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் அவ்வளவுதான். (தூரம் கூடக்கூட ஓசை தேய்வதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.)

வடிவம் மாறாமல் இடம் மட்டும் மாறினால் அது ஓடும் அலை. அதைக் குறிக்கும் கணிதச் சார்பில் தூரமும் நேரமும் தனித்தனியே திரியக்கூடாது. ‘தூரம் − வேகம் × நேரம்’ என்று சேர்ந்தே வரவேண்டும். எதிர்த்திசையில் ஓடும் அலைக்குக் கழித்தல் குறி கூட்டலாகும். அதிரும் கம்பியை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் தலம்பேர் 1747இல் கண்டது இது.

பல மாணவர்கள் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சேர்க்கையை ‘அ’ என்போம். அ-வின் வர்க்கம் அலையாகுமா? தூரமும் நேரமும் சேர்ந்துதான் வருகின்றன. ஆனால் அ 1,000 ஆனால் வர்க்கம் ஒரு மில்லியன்! தேக்காவில் அடித்த அடி ஜூரோங்கில் பூதமாகிவிடும். 1-ஐ அ-வால் வகுத்தால்? அ பூச்சியமாகும் இடத்தில் மதிப்பு எல்லையற்றுப் போகும். எந்த உறுமியும் காற்றை அப்படி அழுத்தாது. எல்லா இடத்திலும், எல்லா நேரத்திலும் சார்பின் மதிப்பு ஓர் எல்லைக்குள் நிற்கவேண்டும்.

சைன் சார்பு நிற்கிறது. 1-ஐ ‘1 + அ-வின் வர்க்கம்’ கொண்டு வகுத்தால்? வரைந்து பாருங்கள்.