வாரத்துக்கு 2 நாள் போதுமா? தசை வலுக்க எவ்வளவு பயிற்சி தேவை?

"ஜிம்முக்குப் போகணும்னா தினமும் ஒரு மணி நேரமாவது வேணும், அதுக்கு எங்க டைம்?"

"இந்த வயசுல வெயிட் தூக்கி என்ன ஆகப் போகுது?"

தசைப் பயிற்சி பற்றிப் பேச்செடுத்தாலே அடிக்கடி காதில் விழும் இரண்டு பதில்கள் இவை. இரண்டுமே சரியில்லை என்கின்றன ஆய்வுகள்.

தசை குறைந்தால் என்ன ஆகும்?

30 வயதுக்குப் பிறகு, பயிற்சி இல்லாத உடலில் பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவிகிதம் வரை தசை குறைவதாகக் கணக்கிடப்படுகிறது. 60 வயதைத் தாண்டினால் வேகம் இன்னும் கூடும். முதுமையில் ஏற்படும் இந்தத் தசை இழப்புக்கு 'சார்கோபீனியா' என்று பெயர்.

தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியாது. பஸ் படியில் ஏறக் கம்பியைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும். குளியலறையில் கால் வழுக்கினால் சுதாரிக்கத் தெம்பு இருக்காது. விழுந்தால் இடுப்பெலும்பு முறிவு வரை போகலாம்.

சாப்பிட்டபின் ரத்தத்தில் சேரும் குளுக்கோஸில் பெரும்பங்கை உள்வாங்குவதும் தசைகள்தான். சர்க்கரை நோயாளிகளுக்குத் தசைப் பயிற்சி அவசியம் என்று சொல்லப்படுவது இதனால்தான். 'தினமும் வாக்கிங் போறேனே' என்பவர்கள் அதைத் தொடரலாம். இதயத்துக்கு அது நல்லது. ஆனால் தசையை வளர்க்கும் அளவுக்குச் சுமை அதில் இல்லை.

90 வயதிலும் தசை வளருமா?

வளரும். அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த, சராசரியாக 90 வதுடைய 10 பேருக்கு 8 வாரங்கள் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தனர். 1990-ல் வெளியான இந்த ஆய்வின்படி, பயிற்சியை முடித்த 9 பேரின் கால் வலிமை சராசரியாக 174 சதவிகிதம் கூடியது. தொடைத் தசையின் அளவு 9 சதவிகிதம் அதிகரித்தது. இரண்டு பேர் கைத்தடி இல்லாமலேயே நடக்கத் தொடங்கினர்.

ஏன் தினமும் தேவையில்லை?

பயிற்சி என்பது தசைக்குக் கொடுக்கும் தூண்டுதல் மட்டுமே. வளர்ச்சி நடப்பது அதற்குப் பிறகு, ஓய்வில். ஒருமுறை தூண்டினால் 24 முதல் 48 மணி நேரம் வரை புரத உற்பத்தி கூடுதலாக நடக்கும்.

எனவே வாரத்துக்குக் குறைந்தது 2 நாட்கள், முக்கியத் தசைகள் எல்லாவற்றுக்கும் பயிற்சி தர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 65 வயதைக் கடந்தவர்கள், தடுமாறாமல் நிற்க உதவும் பயிற்சிகளையும் சேர்த்து வாரம் 3 நாட்கள் செய்ய வேண்டும்.

என்னென்ன செய்யலாம்?

ஒரே நேரத்தில் பல தசைகளை வேலை வாங்கும் அசைவுகளே நேரத்தை மிச்சப்படுத்தும்.

* உட்கார்ந்து எழுவது: பஸ்கி. முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழலாம்.
* தள்ளுவது: தண்டால். புதியவர்கள் சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம்.
* இழுப்பது: ரெசிஸ்டன்ஸ் பேண்டை நெஞ்சை நோக்கி இழுப்பது.
* தூக்குவது: முதுகை வளைக்காமல், இடுப்பை மடக்கித் தரையிலிருந்து எடை தூக்குவது. பாதி நிரப்பிய தண்ணீர் கேன்கூடப் போதும்.

ஒவ்வொன்றும் 3 செட். இடையே 2 நிமிடம் ஓய்வு. மொத்தம் சுமார் 40 நிமிடங்களில் முடிந்துவிடும்.

பலரும் கோட்டைவிடுவது எங்கே?

செல்போன் பார்த்துக்கொண்டே 15 முறை தூக்கி இறக்கினால் பலன் குறைவு. 'இன்னும் ரெண்டு, மூணுக்கு மேல முடியாது' என்ற நிலை வரும்வரை செய்தால்தான் அந்த செட் வேலை செய்யும். அந்த நிலையை எட்டினால், குறைந்த எடையிலும் தசை வளரும்.

அடுத்தது, சுமையைக் கூட்டுவது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், காயமடைந்த வீரர்களுக்குப் படிப்படியாக எடையைக் கூட்டிப் பயிற்சி தந்து பலன் கண்டார். அதே விதிதான் இன்றும். போன மாதம் தூக்கிய அதே எடையை, அதே எண்ணிக்கையில் இந்த மாதமும் தூக்கினால் உடல் மாற வேண்டிய கட்டாயமே இல்லை.

சாப்பாடு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் பரிந்துரைக்கும் புரதம், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு 1.6 கிராம் வரை பலன் தெரிகிறது. அதாவது 60 கிலோ எடை உள்ளவருக்கு 96 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். இட்லி, சாம்பாரோடு நிறுத்தாமல் சுண்டல், பயறு, பால், மீன், கோழி என மூன்று வேளையும் பிரித்துச் சாப்பிட வேண்டும். தூக்கத்தையும் குறைக்கக் கூடாது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், மூட்டுப் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். சிறுநீரக நோயாளிகள் தாங்களாகப் புரதத்தைக் கூட்டக் கூடாது. பயிற்சியின்போது மூச்சை அடக்க வேண்டாம். எடையைத் தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு முறை, 40 நிமிடம். மொத்தக் கணக்கு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டவில்லை. ஒரு சினிமா பார்க்கும் நேரம்கூட இல்லை.