முதல் பட்டதாரியின் சுமை

சென்ற வாரம் தூக்கம் கெடுவதைப் பற்றிப் பார்த்தோம். தூங்கவிடாத எண்ணங்களில் மிக ஆபத்தானது ஒன்று உண்டு: ‘இந்த வீட்டுக்கு நான் பாரம்.’

பெரியபாளையம் சுற்றுவட்டாரத்தில், அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிஃப்ட் வேலைக்கும் பிள்ளை கல்லூரிக்கும் கிளம்பும் வீடுகள் உண்டு. விண்ணப்பித்து வாங்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழ், கட்டணத்தில் சலுகை பெற்றுத் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் முதல் ஆள் என்பதால், அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம், எத்தனையோ பேர் அப்படித்தான் தேறி வந்தார்கள் என்று சொல்ல அந்த வீட்டில் அண்ணனோ அக்காவோ இல்லை. பிள்ளை அரியரை மறைக்கிறது. ‘ஓவர்டைம் பாத்தாவது ஃபீஸ் கட்டுறேன், நீ படிச்சா போதும்’ என்று அப்பா ஆசையாகச் சொன்ன சொல், வட்டி ஏறும் கடனாக உள்ளே கிடக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர், தன் தந்தையைத் தற்கொலையில் இழந்தவர். 2005-ல் வந்த நூலில் அவர் இரண்டு உணர்வுகளைச் சுட்டினார். எனக்கென்று யாருமில்லை என்பது ஒன்று. நான் இருப்பதே மற்றவர்களுக்குச் சுமை என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து, இனி எதுவும் மாறாது என்றும் தோன்றிவிட்டால் அபாயம் கூடுகிறது. நம்பிக்கையின்மை எவ்வளவு கொடியது என்பதை ஆரோன் பெக் 1970-களிலேயே அளந்து பார்த்தார். பாரம் என்பது பெரும்பாலும் உண்மையல்ல, களைத்துப்போன மனம் போடும் தப்புக்கணக்கு. பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள், அப்படி ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022-ல் நாடு முழுவதும் 13,044 மாணவர்களைத் தற்கொலையில் இழந்தோம். ‘தேர்வுத் தோல்வி’ என்று ஒரே வரியில் காரணம் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மனச்சோர்வு, கடன், சாதி சொல்லி அவமதிப்பு, காதல் முறிவு, குடி, தனிமை எனப் பல இழைகள் அதில் பின்னிக் கிடக்கின்றன.

மாணவர் தற்கொலைகளைத் தடுக்க, உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைத்தது. ஜூலையில், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்றது. அவசியமான உத்தரவு. ஆனால் ஆலோசகரிடம் சொன்னது ஹெச்.ஓ.டி. காதுக்கோ வீட்டுக்கோ போகும் என்ற பயம் இருக்கும்வரை, அந்த அறைக்குள் யார் போவார்கள்? ரகசியம் காக்கப்படும் என்பதைக் கல்லூரி எழுத்தில் தரவேண்டும்.

‘நான் பாரம்’ என்ற பேச்சு பெரும்பாலும் முதலில் விழுவது நண்பனின் காதில்தான். ‘நான் இல்லன்னா அவங்க நிம்மதியா இருப்பாங்க மச்சான்’ என்றால் சிரித்துக் கடந்துவிடாதீர்கள். ‘சாகணும்னு தோணுதாடா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், கூடவே இருந்து மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ரிசல்ட் வரும் முன்பே, ‘அரியர் வந்தா சொல்லு கண்ணு, எழுதிக்கலாம்’ என்று வாய்விட்டுச் சொல்லிவையுங்கள்.

அரசின் ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவையை 14416-ல் எந்த நேரமும் அழைக்கலாம். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய ‘சிநேகா’வின் எண் 044-24640050.

அடுத்த வாரம்: விடுதி அறையில் தனிமை.

(தொடரும்)