ஞாயிறும் வேலை நாளான பிறகு

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கும், ஜனவரி 28-இல் மூடும் என்பது டெல்டாவின் பழைய கணக்கு. மழை பொய்த்தால் தேதி தள்ளிப்போகும். ஆனாலும் ஆண்டில் சில மாதம் வாய்க்கால் காய்ந்தே தீரும். இங்குள்ள கிறிஸ்தவ சபைகளின் நாட்காட்டியில் அப்படியொரு இடைவெளியைத் தேடினால் கிடைக்காது. தவக்காலம், ஈஸ்டர், மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி, ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றம், அறுப்பின் பண்டிகை, கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி. நடுநடுவே முழு இரவு ஜெபம். ஆறு நாளும் வார்டில் நின்ற நர்ஸம்மா ஏழாம் நாள் ஞாயிறு பள்ளியில் நிற்கிறார். ஓய்வுநாள் அவருக்கு இன்னொரு டூட்டி.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ‘பர்ன் அவுட்’டைத் தன் நோய்ப் பட்டியலில் விளக்கியது. நோயாக அல்ல, வேலையிடத்தின் தீராத அழுத்தத்தால் வரும் நிலையாக. தெம்பு வற்றிப்போகும், வேலை கசக்கும், செய்வது எதுவும் உருப்படாது என்று தோன்றும். சபையில் இதற்குக் கிடைக்கும் மருந்து பெரும்பாலும் ஒன்றுதான்: “இன்னும் கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க.” களைத்தவர் தலையில் இன்னொரு மூட்டை.

வேதாகமம் அப்படிச் செய்யவில்லை. போராடி ஓய்ந்த எலியா, போதும் ஆண்டவரே என்று சாவை வேண்டி வனாந்தரத்தில் ஒரு செடியடியில் படுத்துவிடுகிறார். வந்த தூதன் பிரசங்கம் வைக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்து எழுப்புகிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்க விடுகிறான். இரண்டாம் முறை எழுப்பும்போதுதான் பயணப் பேச்சே. வாரக்கணக்கில் தூக்கம் வராதவரும், செத்துவிடலாம் என்று நினைப்பவரும் மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல என்பதற்கு இந்த ஒரு அதிகாரம் போதும்.

இப்படி ஓய்வு தரும் ஓர் இடம் பக்கத்திலேயே உண்டு. டெல்டாவுக்குச் சற்று மேலே, குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் சாந்திவனம் இருக்கிறது. 1950-இல் ஜூல் மோன்ஷனன், ஆன்ரி லெ சோ என்ற இரு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கிய ஆசிரமம். எதிர்பார்த்தபடி துறவிகள் வந்து சேரவில்லை. மோன்ஷனன் உடல் நலிந்து பிரான்சு திரும்பி 1957-இல் இறந்தார். அபிஷிக்தானந்தர் என்று பெயர் பூண்ட லெ சோ 1968-இல் இமயமலைப் பக்கம் போய்விட்டார். வெற்றிக் கணக்குப் பார்த்தால் தோல்விதான். அதே ஆண்டு ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் வந்து பொறுப்பேற்றார். 1993-இல் இறக்கும்வரை அதுவே அவர் வீடு. அவர் காலத்தில் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது பெரிதாக ஒன்றுமில்லை: மூன்று வேளை வழிபாடு, விடியலிலும் அந்தியிலும் தியானம், சைவச் சாப்பாடு.

அந்த ஒழுங்குக்குப் பின்னால் ஆறாம் நூற்றாண்டுத் துறவி பெனடிக்ட் இருக்கிறார். வழிபாட்டுக்கு அழைப்பு வந்ததும் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு எழ வேண்டும் என்பது அவர் விதி. வேலை முடிந்திருக்க வேண்டியதில்லை. என் பார்வையில் விசுவாசம் தரும் ஓய்வின் சூட்சுமம் இதுதான். எரிந்து தீர்ந்தவரால் தானாக நிறுத்த முடியாது. ‘நான் இல்லாவிட்டால் நடக்காது’ என்ற எண்ணமே அவரைத் தின்கிறது. மதகை வேறொருவர் இறக்க வேண்டும்.

இறக்கினால் வயல் வெறிச்சோடி விடாது. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். மிச்ச ஈரத்திலும் பனியிலும் அது விளையும்; மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடப்பவர்களும் சும்மா இருப்பதில்லை, கால் கொப்பளிக்கிறது. ஆனால் அந்தச் சில நாள் அவர்களை யாரும் வேலை ஏவ முடியாது. வழியில் பந்தல் போட்டுச் சோறும் மோரும் கொடுப்பவர்கள் தூதன் பார்த்த வேலையைத்தான் பார்க்கிறார்கள்.

தை அறுவடைக்கும் சாம்பல் புதனுக்கும் இடையில் சில வாரம் கிடைக்கும். ஞாயிறு ஆராதனை மட்டும் நடக்கட்டும். கூட்டம், பயிற்சி, கமிட்டி எதுவும் வேண்டாம் என்று ஒரு சபை தீர்மானித்துப் பார்க்கலாம். பெண்கள் சங்கத்தில் எதிர்ப்பு இருக்காது. போதகருக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். காணிக்கை குறையுமே என்று பொருளாளர்தான் எழுந்து நிற்பார்.